போர்வைக்காரரின் படம்

"எந்தப் படத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

அவருடைய குரு பூங்கோதையம்மா, வயதில் அவரைவிட இளையவர், கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் சிவக்கொழுந்தின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஊர் ஊராகப் போர்வை விற்கும் சுடலைமுத்து, அழுகிற குழந்தை ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். கீழே 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று எழுதியிருந்தது. பதறிப்போய் அதைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் சுடலைமுத்துவைச் சந்தையில் வளைத்து அடித்துவிட்டார்கள்.

பிறகுதான் போலீஸ் சொன்னது. அந்தக் குழந்தையை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

தான் யாரையும் தொடக்கூட இல்லை என்றார் சிவக்கொழுந்து. படத்தைப் பார்த்து ஏமாந்தது மட்டும்தான் தன் தப்பு என்றார். இனி ஏமாறாமல் இருக்க ஒரு வழி வேண்டும்.

அம்மா கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சிவக்கொழுந்து பின்னாலேயே போனார்.

அரசு ஆஸ்பத்திரி. கடைசிக் கட்டில்.

ஆளை அடையாளம் தெரியவே சிவக்கொழுந்துக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தாடைக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். மனைவி கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது.

சிவக்கொழுந்து கிட்டே போனார். கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா குனிந்து சுடலைமுத்துவிடம் மெல்ல ஏதோ கேட்டார். அவர் தலையை லேசாக அசைத்தார்.

"படம் எடுங்க," என்றார் அம்மா.

எடுத்தார்.

"அதே குழுவுக்கு அனுப்புங்க."

அனுப்பினார். கீழே எதுவும் எழுதவில்லை. இதைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, ஓடி வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

முதல் பதில் அவருடைய தம்பியிடமிருந்து வந்தது. அன்றைக்குச் சந்தையில் கம்போடு முன்னால் நின்றவன்.

படித்தார். மறுபடியும் படித்தார். போனை அம்மாவிடம் நீட்டினார்.

"இதுவும் ஒட்டுவேலைதாண்ணே. நிஜம் மாதிரியே பண்ணியிருக்கானுங்க. திரும்பவும் ஏமாந்துடாதீங்க."