வாசலில் கிடைத்த பதில்

மரகதம்மாள் மார்கழி முழுக்கப் பேச மாட்டார். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய ஆசிரமத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் தை பிறக்கும்வரை அங்கேயே தங்கிவிடுவார்கள். காய் நறுக்குவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிலருக்குக் கேட்க வந்ததே மறந்துபோகும்.

சீடர் நல்லசிவத்துக்கு இது பொறுக்கவில்லை. தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். லைன் கிடைக்காமல் யாராவது காத்திருந்தால் அந்தக் காலத்தில் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த மார்கழியில் அவர் ஒரு காரியம் செய்தார். அம்மா இதுவரை பேசிய எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அம்மாவின் குரலிலேயே பதில் சொல்ல வைத்தார். வாசலில் ஒரு கியூஆர் அட்டையை ஒட்டினார். போனில் ஸ்கேன் செய்து கேட்டால் உடனே பதில். அம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. மௌனத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். சாப்பாட்டுக் கூடம் வெறிச்சோடியது. நல்லசிவத்துக்கு அதில் பெருமைதான்.

பொங்கலன்று அம்மா வாய் திறந்தபோது எதிரில் நல்லசிவம் மட்டும் நின்றிருந்தார். முகம் செத்திருந்தது.

“பூங்காவனம்னு ஒரு பொண்ணும்மா. குழந்தையைப் பறிகொடுத்தவ. போன வாரம் நம்ம வாசல் வரைக்கும் வந்திருக்கா. ‘இனிமே நான் எதுக்கு இருக்கணும்’னு கேட்டிருக்கா.”

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

நல்லசிவம் போனில் அதைப் போட்டுக் காட்டினார். அம்மா தன் குரலைக் கடைசிவரை கேட்டார்.

“கேட்டுட்டு ‘நன்றி அம்மா’ன்னு அனுப்பியிருக்கா. மறுநாள் காலையில ஏரியிலேர்ந்து எடுத்திருக்காங்க.”

நல்லசிவத்துக்கு அழுகை வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“பதில்ல எங்க தப்புன்னு சொல்லுங்கம்மா, திருத்திடறேன். இனிமே உலகமே இப்படித்தான் கேக்கப் போகுது. வர்றவங்களுக்காவது சரியாச் சொல்லணும்ல.”

“தப்பே இல்லைங்க ஐயா. நான் பேசியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் ஏம்மா?”

அம்மா எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். நல்லசிவம் பின்னால் போனார். மாதம் முழுக்கப் பிரிக்காத பாய்கள் சுவரோரம் சுருட்டியபடி இருந்தன. அம்மா அதில் ஒன்றை எடுத்து விரித்தார். முன்னால் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

யார் உட்காரப் போகிறார்கள் என்று நல்லசிவம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை.

“பதில் கிடைச்சுட்டா எழுந்து போயிடுவாங்க ஐயா,” என்றார் அம்மா. “அதுக்குத்தான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”