எல்லா வீட்டுத் தண்ணீரும்

"இப்போ ஊத்துங்க!"

வைரமணி கைபேசியில் சொன்னதும், மேலே எல்லா வீட்டுக் குளியலறைகளிலும் வாளிகள் ஒன்றாகக் கவிழ்ந்தன.

"தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாமா மேடம்?" மாடியிலிருந்து ஒரு குரல் சிரித்தது.

தரைத்தளத்தில், ரெஜினாவின் குளியலறையில், வைரமணியும் அவரிடம் குழாய்ச் சோதனை பழகும் அருளானந்தும் குனிந்து பார்த்தார்கள். சுவருக்குள் இரைச்சல் இறங்கியது. தண்ணீர் வெளியேறும் தரைச் சல்லடை கொப்பளித்தது. அழுக்குத் தண்ணீர் மேலே வந்தது.

அது பாதத்தை நனைத்தும் அருளானந்து நகரவில்லை.

"தீபாவளிக்கும் இப்படித்தான் வந்துச்சா?" என்று வைரமணி கேட்டார்.

"கட்டில் கால் முங்குற அளவுக்கு," என்றாள் வாசலில் நின்ற ரெஜினா. "விடியுறதுக்கு முன்னாடி எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சாங்க. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. தூங்கிட்டு இருந்தோம்."

ரெஜினா தையல்காரி. வெட்டுத்துணியைப் போட்டுக் குழாயை அடைத்துவிட்டாள் என்று மாடிக்காரர்கள் சொன்னார்கள். அப்போது தனியாகச் சோதிக்க வந்த அருளானந்து, குழாயில் குறையில்லை என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னான். வீட்டுக்காரர் ரெஜினாவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தையல் இயந்திரம் இப்போது வெளியே வண்டியில் இருந்தது.

"மேடம், ஒரு வீடு விடாம ஊத்திப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாப் போச்சு. எங்க தப்பு நடந்துச்சு?" என்று அருளானந்து கேட்டான்.

"எப்படிப் பார்த்தே?"

"ஒரு வீடு முடிஞ்சு அடுத்த வீடு."

"அவங்க என்ன வரிசையில நின்னா குளிக்கிறாங்க?"

அவன் ரெஜினா பக்கம் திரும்பினான்.

"அக்கா, உங்க துணி இல்ல. குழாய்தான் பத்தல."

"நான் ஒரு நூலைக்கூட அதுல விட்டதில்லப்பா."

"வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன். இருங்க அக்கா."

"புது வீட்ல ஜெபம் பண்ணியாச்சு தம்பி. இங்க என் பிள்ளைங்களோட யாரும் விளையாட வர்றதில்ல."

அவன் வைரமணியிடம் திரும்பினான்.

"மேடம், மறுபடி கூட்டம் போடச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"கூட்டத்துல சொன்னா குழாயை மாத்துவாங்க, இவங்க மேல விழுந்த பழி போகாது. நீ ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லு."

"இவங்க போனப்புறமா?"

"போனப்புறமும்."

ரெஜினா துடைப்பத்தை எடுத்து, காலி அறைக்குள் பரவியிருந்த தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ளினாள்.