எட்டு மூட்டை மீதி

"உங்க விடை தப்பு, ஐயா."

செங்கமலம் எழுந்து நின்று சொன்னாள்.

ஆற்றங்கரை மடத்தில் கணக்குப் படித்த பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. பிழைப்புக்கு ஓடம் தள்ளுபவள். ஆசிரியர் நல்லுடையாரைவிடப் பத்து வயது மூத்தவள்.

அன்று காலை கரைக்காவலர் ஓடி வந்திருந்தார். கரையில் நாற்பத்தேழு உடைப்பு. ஒவ்வொன்றையும் அடைக்க முப்பத்தாறு மணல் மூட்டை. மொத்தம் எத்தனை கட்டுவது? மேற்கே மழை பிடித்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வந்துவிடும்.

ஆசிரியர் மனத்திலேயே பெருக்கினார். "ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு."

பதினோரு பேர் தங்கள் பலகையை அழித்துவிட்டு அதையே எழுதினார்கள்.

செங்கமலம் அழிக்கவில்லை.

"எனக்கு ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வருது."

"உக்காருங்கம்மா."

"மாட்டேன். வகுத்துப் பார்த்துட்டேன். என்னோடதை முப்பத்தாறால வகுத்தா நாப்பத்தேழு. மீதி இல்லே. உங்களோடதை வகுத்தா நாப்பத்துநாலுதான் வருது. எட்டு மூட்டை மீதி நிக்குது."

"பெருக்கச் சொன்னா எதுக்கு வகுக்கறீங்க?"

"இக்கரையில ஏத்தினவங்களை அக்கரையில இறக்கி எண்ணுவேன். ஒரு தலை குறைஞ்சாலும் யாரோ ஆத்துல விழுந்துட்டாங்கன்னு அர்த்தம்."

யாரோ சிரித்தார்கள். ஆசிரியரின் முகம் கறுத்தது.

"இருபது வருஷமா நான் கணக்குச் சொல்றேன். ஒருத்தரும் எழுந்து நின்னதில்லே. உக்காருங்க. இல்லேன்னா வெளியே போங்க."

இந்த மடத்தில் சேர அவள் மூன்று வருஷம் கெஞ்சியிருந்தாள்.

"போறேன் ஐயா. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. எந்த மூணு உடைப்பை அடைக்காம விடறது?"

ஆசிரியர் பலகையை மடியில் வைத்து வகுத்தார். மறுபடியும் வகுத்தார். பிறகு தன் விடையை உள்ளங்கையால் அழித்தார்.

"இந்த அம்மா சொன்னதை எழுதிக்குங்க" என்றார் கரைக்காவலரிடம்.

மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கெல்லாம் முதல்ல என்ன வந்துச்சு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்களுக்கு வந்ததுதான்."

"பதினோரு பேருக்குமா?"

தலையாட்டினார்கள்.

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

"நீங்க வேற சொன்னீங்களே, ஐயா."

நல்லுடையார் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணல் அள்ளக் கிளம்பினார்.

"அதை ஆத்துக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."