பாவாயி கேட்ட கேள்வி

ஒரு ஊர்ல, ஊருக்கும் மேச்சக்காட்டுக்கும் நடுவால ராசா பெரிய வாய்க்கால் வெட்டுனாராம். சனங்க அந்தக் கரைக்கு எப்படிப் போறது? அதனால வாய்க்காலுக்கு அடியிலயே கல்லுல ஒரு சுரங்கம் கட்டிக் குடுத்தாராம். தலைக்கு மேல தண்ணி ஓடும், கீழ ஆடும் மாடும் மனுசரும் நடப்பாங்க.

அங்க பாவாயின்னு ஒருத்தி, ஆடு மேய்க்கிறவ. புருசன் பேரு செங்கோடன். வாய்க்காலுக்குக் காவல் மணியக்காரரு. மழை கொறஞ்ச வருசம், ஊரு வயலெல்லாம் காயுது, அவரு தோப்பு மட்டும் பச்சப்பசேல்னு கெடக்குது. அவரு கரைய வெட்டித் தண்ணியத் திருப்புறத பாவாயி பாத்துட்டா.

"ராசா வரட்டும், சொல்லிப்போடறேன்"னா.

"சொல்லுவியா?"ன்னாரு.

"சொல்லுவேன்."

மறுநா அவ சுரங்கத்துக்குள்ள எறங்குன நேரம் பாத்து, வாசலுக்கு மேல வாய்க்கால்ல இருந்த மதகைத் தூக்கிவிட்டாரு. தண்ணி உள்ள பாஞ்சுது. முன்னால போன ஆடெல்லாம் அந்தக் கரையில ஏறிருச்சு. பாவாயி ஏறல. "மதகு தானாப் பேந்துருச்சு"ன்னு சொல்லிட்டாரு.

தண்ணி வத்துச்சு, சனங்க மறுபடி நடந்தாங்க. அப்புறம் பாருங்க, பாதி தூரம் போனா காதுகிட்ட ஒரு பொம்பளக் கொரல், மெதுவா: "மதகைத் தூக்குனது யாரு?"

"தெரியலீங்க ஆத்தா"ன்னா விட்டுரும். நெசமாவே தெரியாதில்ல? செங்கோடன் தெனமும் போயி அழுவான். அவங்கிட்டயும் அதே கேள்விதான். புருசன்னுகூட அவளுக்கு அடையாளம் தெரியல.

மணியக்காரரு மட்டும் அந்தப் பக்கமே போகல. அடுத்த மழைக்கு ராசா வந்து அந்தக் கரையில எறங்கி, "மணியக்காரரை வரச் சொல்லு"ன்னாரு. வாய்க்கால் ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வேற வழி? சுரங்கத்துல எறங்குனாரு.

"மதகைத் தூக்குனது யாரு?"

"தெரியாது"ன்னாரு. கணுக்கால் நனஞ்சுது.

"மதகைத் தூக்குனது யாரு?"

"தெரியாது தாயி!" இடுப்பு வரைக்கும் தண்ணி.

"மதகைத் தூக்குனது யாரு?"

"தெரியாது, தெரியாது!" தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு.

"நாந்தான்! நாந்தான் தூக்குனேன்!"னு அவரு அலறுனது ரெண்டு கரைக்கும் கேட்டுச்சு. ராசாவுக்கும் கேட்டுச்சு.

செங்கோடன் பந்தத்தோட உள்ள ஓடுனான். தரையெல்லாம் புழுதி. மணியக்காரரு விழுந்து கெடக்காரு, வேட்டிகூட நனையல. ஆனா பொரட்டுனா, வாயிலருந்து கொடங்கொடமா வாய்க்காத் தண்ணி கொட்டுது.

பொழச்சாராங்கிறியா? இல்ல சாமி.

அதுக்கப்புறம் கொரல் கேக்கல. "பாவாயி, நான் வந்திருக்கேன் பாரு"ன்னு செங்கோடன் எத்தனையோ நாள் கூப்புட்டுப் பாத்தான்.

செஞ்சத மறைச்சுட்டு அந்த வழியில நடக்க முடியாது கண்ணுகளா. பாவாயி போற எடத்துக்குப் போய்ச் சேந்துட்டா, நீங்களும் படுக்கையில போய்ச் சேருங்க.