படகு ஆட்டத்துக்கு ஒன்பது விதிகள்

தூத்துக்குடியில் அச்சகம் ஒன்றின் மாடியில் இசக்கிராஜ் என்று ஒருவர் விளையாட்டுகள் செய்துவந்தார். கீழே அவருக்குக் காகிதம் வெட்டுகிற வேலை. கல்யாணப் பத்திரிகையோ கட்சி நோட்டீஸோ, அவர் கைபட்டுத்தான் ஓரம் நேராகும். வெட்டியதுபோக மிஞ்சிய அட்டைகளை மாடிக்குக் கொண்டுபோவார். சனிக்கிழமை மத்தியானம் மெஷின் நின்றதும் அந்த அட்டைகள் பலகைகளாகும், சீட்டுகளாகும், காய்களாகும். அவருக்கு அது பொழுதுபோக்கு. அதற்குமேல் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லமாட்டார்.

விளையாட்டு கேட்டு வருகிறவர்கள் அலமாரி முன்னால் நின்று, "இதுல எது நல்லா இருக்கும்?" என்பார்கள்.

"யாரோட விளையாடப் போறீங்க?" என்பார் அவர். பதிலைக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்துக் கையில் கொடுப்பார். கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் மாற்ற வரமாட்டார்கள்.

ஜெசிந்தா முதல்முறை வந்தபோதும் அதையேதான் கேட்டார்.

"எனக்கில்ல, என் மகளுக்கு," என்றாள். "ஷைனி. எட்டு வயசு."

"அவ யாரோட விளையாடுவா?"

"அதுதான் தெரியல."

ஜெசிந்தா நர்ஸ். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடத்துக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டுக்காரர் கப்பலில். ஜூன் பதினெட்டாம் தேதி அவளுக்கு விமானம். அதற்கு முந்தின நாள் ஷைனியைப் பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் விட்டாக வேண்டும். ஷைனி தானாகப் போய் யாரிடமும் பேசமாட்டாள். பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் கேக் வெட்டி, பலூன் உடைத்து, எல்லாரும் கிளம்புகிறவரை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். கையில் நல்ல விளையாட்டு ஒன்று இருந்தால் மற்றப் பிள்ளைகள் அவளைத் தேடி வருவார்கள் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள்.

அலமாரியில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"இதுல தோத்துட்டா?"

"தோத்துருவாங்க."

"இதுல?"

"இதுலயும்தான்."

"ஒருத்தருமே தோக்காத மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"என்கிட்ட இல்ல, சிஸ்டர். வேணும்னா நீங்க செஞ்சு பாருங்க. அட்டை தாரேன்."

அப்படித்தான் அவள் சிஷ்யை ஆனாள். அவரைவிட ஏழு வயது மூத்தவள். இருந்தாலும் அவரை மாஸ்டர் என்றாள். நர்ஸை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி அவர் அவளை சிஸ்டர் என்றார்.

பிப்ரவரியில் தொடங்கினாள். நீலத் துணியில் கடல். ஓரத்தில் துறைமுகம். ஆளுக்கு மூன்று படகு. பகடை உருட்டிக் கடலுக்குள் போய் மீன் அள்ளிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வானிலைச் சீட்டைத் திறக்க வேண்டும். புயல் வந்தால் நடுக்கடலில் நிற்கிற படகு மூழ்கிவிடும். பத்து மீன் முதலில் சேர்த்தவர் ஜெயித்தவர். மொத்தம் ஆறே விதிகள்.

வீட்டில் ஷைனியோடு ஆடிப் பார்த்தாள். மூன்றாவது சீட்டிலேயே புயல். ஷைனி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜெசிந்தா பேனாவை எடுத்து ஏழாவது விதியை எழுதினாள்: பக்கத்தில் இன்னொரு படகு இருந்தால் மூழ்காது. அடுத்த வாரம் எட்டாவது: மூழ்கினாலும் இரண்டு முறை கழித்துத் திரும்பி வரும். பத்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு முதல் புயல் செல்லாது. யாருக்காவது அழுகை வந்தால் சீட்டை மறுபடி கலைக்கலாம். ஒவ்வொரு படகு மூழ்கும்போதும் ஒரு விதி கூடியது. மே மாதக் கடைசியில் நாற்பத்தோரு விதிகள். மருந்துச் சீட்டு எழுதுகிற ஒழுங்கில், நான்கு பக்கம், சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டு.

மாஸ்டர் அவளோடு உட்கார்ந்து ஆடினார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சீட்டுக்கும் அவள் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "அதை அங்க வைக்கக்கூடாது, மாஸ்டர். இருபத்தி மூணாவதப் பாருங்க." கடைசியில் ஆறு படகும் பத்திரமாகத் துறைமுகத்துக்குத் திரும்பின.

"யாரு ஜெயிச்சது?" என்றார்.

"ரெண்டு பேரும்."

"இன்னொரு ஆட்டம் போடுவமா?"

ஜெசிந்தா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தது அவளுக்கே தெரிந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் மாஸ்டர். நான்கு பக்கங்களையும் அடுக்கி மடித்தார். "இந்த ஆட்டம் ஓடணும்னா நீங்களும் ஹாஸ்டல்ல சேரணும் போலிருக்கே, சிஸ்டர்."

அவள் சிரிக்கவில்லை. "ஷைனி ரொம்பப் பயப்படுவா, மாஸ்டர்."

"சரி."

"உங்களுக்குப் பிள்ளை இல்ல. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

அவர் கீழே போய்ப் பழுப்பு அட்டையில் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தார். மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"விதியெல்லாம் இந்த மூடியோட உள்பக்கத்துல எழுதிக் கொண்டுவாங்க. அது எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு."

"நாப்பத்தொண்ணும் இதுல எப்படி மாஸ்டர்?"

"எட்டு வயசுப் பிள்ளை வாசிக்கிற எழுத்துல."

அவள் மூடியை வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க அடித்து எழுதினாள். எழுதி அடித்தாள். ஒரு விதியை எடுத்தால் ஒரு படகு மூழ்கியது. எந்தப் படகு மூழ்கினால் பரவாயில்லை என்று தாயால் எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் மூடி அவ்வளவுதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒன்பது விதிகளோடு வந்தாள். ஒன்பதாவது, படகெல்லாம் போனவர் ஆட்டம் முடிகிறவரை காத்திருக்க வேண்டும் என்றது. அதை மட்டும் எழுத்தைச் சின்னதாக்கி எழுதியிருந்தாள்.

ஷைனியையும் கூட்டிவந்திருந்தாள். பக்கத்து மெத்தைக்கடைக்காரரின் பேத்திகள் இரண்டு பேரை மாஸ்டர் வரச்சொல்லியிருந்தார். பெரியவள் ரிஸ்வானா, பத்து வயது. சின்னவள் சபீனா. ஷைனி வழக்கம்போல முந்தானையைப் பிடித்தாள். பிறகு துணியில் விரித்த கடலைப் பார்த்ததும் அதன் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் ஜெசிந்தாவிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"தாகமில்ல, மாஸ்டர்."

"குடிக்கிறதுக்கில்ல. ஒரு மடக்கு வாயில வச்சுக்கிடுங்க. ஆட்டம் முடியுறவரைக்கும் முழுங்கக்கூடாது. புது ஆட்டத்தை முதல்தடவை மத்தவங்க ஆடும்போது நானும் அப்படித்தான் இருப்பேன்."

"ஆபரேஷன் தியேட்டர்லகூடப் பேச விடுவாங்க."

"இங்க விடமாட்டோம்."

அவள் ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரிஸ்வானா மூடியைத் திருப்பி விதிகளைச் சத்தமாக வாசித்தாள். நாலாவதை விட்டுவிட்டாள். ஜெசிந்தாவிடமிருந்து தொண்டைச் சத்தம் ஒன்று வந்தது. பிள்ளைகள் படகுகளைத் துறைமுகத்தில் வைக்காமல் கடலின் அக்கரையில் வரிசையாக வைத்தார்கள். மீனை முதலிலேயே எண்ணி மூன்றாகப் பிரித்தார்கள். ஜெசிந்தா தண்ணீரை விழுங்கிவிட்டாள்.

"அப்படியில்ல, பிள்ளைகளா. முதல்ல துறைமுகத்துல..."

மாஸ்டர் டம்ளரை மறுபடி நீட்டினார்.

சபீனா நிமிர்ந்து பார்த்தாள். "ஆன்ட்டி ஏன் கன்னத்தை உப்பி வச்சிருக்காங்க?"

"பல்வலி," என்றார் மாஸ்டர்.

ஆட்டம் தப்பும் தவறுமாக ஓடியது. பிறகு ரிஸ்வானாவே, "ஏ, மீன முதல்லயே பங்கு போட்டா எதுக்குக் கடலுக்குப் போகணும்?" என்று மூடியை எடுத்து மறுபடி வாசித்தாள். படகுகள் துறைமுகத்துக்கு வந்தன. ஷைனி இரண்டு முறை ஆறு போட்டாள். நாலு மீன் சேர்ந்தது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, பகடையை உள்ளங்கையில் ஊதி உருட்டினாள். அப்படி ஊதுவாள் என்று ஜெசிந்தாவுக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் புயல் வந்தது. ஷைனியின் ஒரு படகு போனது. நாலைந்து சீட்டு தள்ளி இன்னொன்று. மூன்றாவது படகு நடுக்கடலில் இரண்டு மீனோடு நின்றபோது சபீனா சீட்டைத் திறந்து, "புயல்," என்றாள்.

"போச்சு," என்றாள் ரிஸ்வானா.

ஷைனி படகைத் தானே எடுத்துத் துணிக்கு வெளியே வைத்தாள். உதடு கோணியது. கண் நிறைந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெசிந்தாவின் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கியது. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். விழுங்கினால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஒரு வார்த்தை போதும். முதல் புயல் செல்லாது என்றால் போதும், மூன்று படகில் ஒன்றாவது திரும்பிவிடும். ஆனால் ஹாஸ்டலுக்குப் போனபிறகும் இந்தப் பிள்ளை இப்படித் திரும்பிப் பார்ப்பாள். அங்கே நாற்காலி இருக்கும், சுவர் இருக்கும். தண்ணீர் வாயில் வெதுவெதுப்பாகிவிட்டது. அவள் விழுங்கவில்லை.

ஷைனி திரும்பிக்கொண்டாள்.

"அழுவுதியா?" என்றாள் சபீனா.

"இல்ல."

"மூக்கு ஒழுகுது."

"சளி."

சபீனா பகடையை எடுத்தாள். ரிஸ்வானா தன் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மிச்சமிருந்தன. ஒன்றை விரலால் ஷைனியின் பக்கம் தள்ளினாள்.

"இந்தா, இத வச்சு ஓட்டு. இதையும் முக்குனியோ, கொன்னுருவேன்."

"ஏட்டி, அதெல்லாம் ரூல்ஸ்ல கிடையாது," என்றாள் சபீனா.

ரிஸ்வானா மூடியை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "குடுக்கக்கூடாதுன்னும் இல்லையே."

ஷைனி புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அந்தப் படகைக் கரையோரமாகவே ஓட்டினாள். மிக மெதுவாக, வானத்தைப் பார்க்கிற மாதிரி சீட்டுக்கட்டைப் பார்த்துப் பார்த்து. கடைசியில் ஜெயித்தது சபீனா. ஒரே படகோடு இருந்த ரிஸ்வானாவுக்கு ஏழு மீன்தான்.

"நீ குடுத்ததாலதான் நீ தோத்த," என்றாள் சபீனா.

"இருக்கட்டும். எடு, இன்னொரு ஆட்டம். ஷைனி, நீ மொதல்ல உருட்டு."

மூன்று பேரும் படகுகளை அடுக்கத் தொடங்கினார்கள். யாரும் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

ஜெசிந்தா தண்ணீரை விழுங்கினாள். எழுந்து வந்து மூடியை எடுத்துக்கொண்டு மாஸ்டரின் வேலைமேசைக்குப் போனாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஒன்பதாவதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பத்து என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தாள்: படகெல்லாம் இழந்தவருக்கு மற்றவர்களில் ஒருவர்...

மாஸ்டர் மூடியின்மேல் கை வைத்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"படகு குடுக்கணும்னு. நல்ல விஷயம்தானே மாஸ்டர் நடந்தது?"

"நல்ல விஷயம்தான்."

"இடமும் இருக்கு."

"இருக்கு."

"அங்க ரிஸ்வானா இருக்கமாட்டாளே." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்க யாரும் குடுக்கலைன்னா?"

"குடுக்காமலும் போகலாம்."

"அப்ப எழுதி வைக்கிறதுல என்ன தப்பு? எழுதிட்டா யாரா இருந்தாலும் குடுத்துத்தானே ஆகணும்."

"ஆமா. எல்லாருமே குடுப்பாங்க, சிஸ்டர்," என்றார் மாஸ்டர். "அதுல தானா குடுக்கிற ஒருத்தி யாருன்னு ஷைனி எப்படிக் கண்டுபிடிப்பா?"