மடக்கின கத்தியும் மூடின சீசாவும்

செம்பியங்குடி ராஜா பூவண்ணபூபதிக்கு ரெண்டு விஷயம் ரொம்ப ஒசத்தி. ஒன்று, அவருடைய மீசை. இன்னொன்று, அவர் தாத்தா போட்டுவிட்டுப் போன சட்டம். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு, கேளுங்கள்.

தாத்தா ராஜா ஒருநாள் கொலுவில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மைத்துனருக்குப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் ராஜாவுக்குப் பாதி மீசையைக் காணோம். அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது. கத்தியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சபையில் கத்தியைக் காட்டுகிறவன் யாராக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டிவிட வேண்டும். பேரன் காலத்திலும் அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

அந்தச் சபையில் கூத்தன் என்று ஒரு விகடக்காரர் இருந்தார். வாய் சும்மா இராது. தளவாய் சேதுராயனின் தொப்பையைப் பார்த்து, "படைக்கு முந்தி இது போய்ச் சேருமே தளவாயாரே" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். சபையே சிரித்தது. தளவாய் மட்டும் சிரிக்கவில்லை. இவனை ஊரைவிட்டே ஓட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ராஜாவைப் பார்க்க வந்தார். வரும்போது ஒரு பெட்டி நிறைய இஞ்சிப் பானம் கொண்டுவந்தார். சீசாவுக்கு வாயில் தகர மூடி, சுற்றிலும் மடிப்பு மடிப்பாகக் கவ்விக்கொண்டு. நம்ம ஜனங்கள் அதுவரைக்கும் பார்த்ததெல்லாம் கோலி சோடாதான்.

"அடடா, திறக்கிற சாமானைக் கூடாரத்திலே விட்டுட்டேனே. ஆள் அனுப்பறேன்" என்றார் துரை.

ராஜாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அதெல்லாம் எதுக்கு? எங்க ஆளுக ஒரு நொடியிலே திறப்பாங்க!"

அரண்மனைப் பயில்வான் வந்தான். சீசாவை மடியில் இடுக்கிக்கொண்டு, கோலியை உள்ளே தள்ளுகிற மாதிரி மூடிமேல் கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. மூடி அசையவில்லை. விரல்தான் வீங்கிற்று.

"உள்ளே கோலி ரொம்பப் பெரிசு போலிருக்கு மகாராஜா" என்றான்.

அடுத்து வந்த சமையல்காரர் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். துரை மீசைக்குள்ளே சிரித்தார். ராஜாவின் முகம் கடுகடுத்தது.

தளவாய்க்கு இதுதான் சமயம் என்று பட்டது. கூத்தன் இடுப்பில் பாக்கு வெட்ட ஒரு மடக்குக்கத்தி எப்போதும் இருக்கும், அது அவருக்குத் தெரியும்.

"மகாராஜா, கூத்தன் இருக்கையிலே நமக்கென்ன கவலை? அவர் திறந்துடுவார்."

"கூத்தா, திற! துரை முன்னாடி என் மானத்தை வாங்கினே, நாளைக்கு உனக்கு இந்தச் சபையிலே இடம் கிடையாது."

கூத்தனுக்குப் புரிந்துவிட்டது. கத்தியை எடுத்தால் ஊரை விட்டுப் போகணும். எடுக்காவிட்டால் வேலையை விட்டுப் போகணும். ஒரு நிமிஷம் சீசாவையே பார்த்தார். அப்புறம் இடுப்பில் கையை விட்டுக் கத்தியை எடுத்தார். ஆனால் விரிக்கவில்லை.

இடது கையால் சீசாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்தார். ஆள்காட்டி விரல் மூடிக்குக் கீழே. மடக்கின கத்தியின் பித்தளைப் பூண் போட்ட முனையை மூடியின் மடிப்புக்கு அடியில் கொடுத்தார். விரல்மேல் அண்டக்கொடுத்து, மறு முனையை ஒரு அழுத்து அழுத்தினார்.

டப்!

மூடி பறந்துபோய்த் தளவாயின் தொப்பையில் பட்டுத் தெறித்தது. நுரை பொங்கிற்று. துரை கைதட்டினார். ராஜா ஒரு மடக்குக் குடித்து, ஏப்பம் விட்டு, "பேஷ்!" என்றார்.

தளவாய் துள்ளி எழுந்தார். "மகாராஜா! கத்தி! சபையிலே கத்தியைக் காட்டிட்டான்! சட்டம் என்ன ஆச்சு?"

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"கத்தியா? எங்கே? நான் காட்டினது ஒரு மரத்துண்டு, ஒரு பித்தளைப் பூண். இதாலே ஒரு வாழைப்பழத்தைக்கூட அறுக்க முடியாதே" என்றார் கூத்தன்.

"பொய்! உள்ளே அலகு இருக்கு!"

"உள்ளேயா? இங்கே யார் கண்ணிலேயாவது பட்டுதா? மகாராஜா, நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலையே" என்றார் ராஜா.

தளவாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "கொடுடா இங்கே! மகாராஜா, இவன் புளுகை இப்பவே உடைக்கிறேன். இதோ பாருங்க!" என்று கத்தியைப் பிடுங்கி, நகத்தைக் கொடுத்துச் சடக்கென்று விரித்து, சபை முழுக்கத் தெரிகிற மாதிரி தலைக்குமேலே தூக்கிப் பிடித்தார். அலகு பளபளவென்று மின்னிற்று.

"ஆமாம் மகாராஜா, கத்திதான். தளவாயார் காட்டின பிற்பாடு எனக்கும் தெரியுது" என்றார் கூத்தன்.

தளவாய் கையை அண்ணாந்து பார்த்தார். தூக்கின கை தூக்கினபடியே நின்றது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கூத்தனுக்குப் போர்த்தினார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேதுராயா, தாத்தா சட்டத்தை நான் மாத்த முடியாது. பொழுது சாயறதுக்குள்ளே எல்லையைத் தாண்டிடு" என்றார்.

தளவாய் தடாலென்று காலில் விழுந்தார். கூத்தன் முன்னே வந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா, சட்டம் எல்லையைத் தாண்டத்தான் சொல்லுது. திரும்பி வரக் கூடாதுன்னு சொல்லலையே. ஒரு எட்டு தாண்டிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடட்டும்."

"ஏண்டா கூத்தா, உன்னை ஊரைவிட்டே ஓட்டப் பார்த்தவனுக்கா பரிஞ்சு பேசுறே?"

"இவர் போயிட்டா வேற தளவாய் வருவார், மகாராஜா. அவர் புத்திசாலியா இருந்து தொலைச்சா என் பிழைப்பு என்ன ஆறது?"