கொக்கு கறுத்த மேடு

மலைக்காட்டுல ஒரு நரி லாரி ஓட்டிச்சு. காட்டுத் தேன், மாம்பழம் எல்லா லோடும் அதோட லாரியிலதான் போவும். ஸ்டார்ட் பண்ணா போதும், குபுகுபுன்னு கரும்புகை!

மேட்டுப் பாதையோரம் ஒரு அணில் குடியிருந்துச்சு. அதோட குட்டிக்கு எப்பவும் மூச்சிரைப்பு. சேத்து வெச்ச கொட்டையெல்லாம் கரடி வைத்தியருக்கே போயிருச்சு.

"நரியண்ணே, இஞ்சினைச் சரி பண்ணித் தொலைங்க! புள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"என் வண்டி சுத்தம்மா! சந்தேகம்னா கொக்கைக் கேளு!"

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். வருஷா வருஷம் லாரிக்குப் பின்னாடி வெள்ளைக் கொக்கு நிக்கும். வெள்ளை மாறலேன்னா வண்டி பாஸ்! ஆனா எங்க நிறுத்துவாங்க? குளத்தங்கரை சமதரையில. லோடே ஏத்தாம. இதுக்குப் பேரு டெஸ்ட்டாம்!

"பாரு, பளபளன்னு இருக்கேன்!"ன்னு கொக்கு றெக்கைய விரிச்சுச்சு.

"என் புள்ள குளத்தங்கரையிலயா மூச்சு விடுது? லோடோட மேட்டுல ஏறச் சொல்லுங்க. அங்க வந்து பின்னாடி நில்லுங்க!"

"விதியில அப்படி இல்லையேம்மா!"

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க!"

கொக்குக்கு ரோஷம் வந்துருச்சு. "ஏத்துய்யா லோடை!"

எதை ஏத்துறது? புகைக்குப் பயந்து தேனீ எல்லாம் ஓடிப்போச்சு. தேன் இல்ல. தேனீ இல்லாம மாமரமும் காய்க்கல. கடைசியில பாறாங்கல்லை ஏத்துனாங்க.

லாரி முக்கி முனகி மேடு ஏறிச்சு. புகை விலகுனதும் பாத்தா, கன்னங்கரேல்னு ஒரு உருவம்!

மரத்து மேலேருந்து காக்கா கேட்டுச்சு: "வாங்க மச்சான்! எந்த ஊரு நீங்க?"

கொக்கு பதில் சொல்ல வாயத் தொறந்துச்சு. இருமல்தான் வந்துச்சு. இருமிக்கிட்டே லாரி சாவியப் பிடுங்கிருச்சு.

"ரிப்பேர் செலவு யாரு குடுப்பா?"ன்னு நரி எகிறுச்சு.

"என் கொட்டை போச்சே, அதை யாரு குடுத்தா? உன் லோடே போச்சே, அதை யாரு குடுப்பா? கல்லை வித்துச் சாப்பிடுவியா?"

நரி லாரியத் திரும்பிப் பாத்துச்சு. மறுநாளே இஞ்சினைக் கழட்டிச் சரி பண்ணிச்சு.

இப்பல்லாம் டெஸ்ட்டு அணில் வீட்டு மேட்டுலதான், முழு லோடோட. குட்டி இரைக்காம மரம் ஏறுது. கொக்குதான் இன்னும் குளத்துல தேச்சுத் தேச்சுக் குளிக்குது!

புகை விடுறவன் மிச்சம் பிடிக்கிற செலவை, மூச்சு விடுறவன்தான் கட்டுறான்.